சுவருக்குள் பசுக்கள்

மே மாதம். கோய்ஹைக்கேயில் குளிர் இறங்கிவிட்டது.
நோல்பெர்த்தோ லாரியில் வந்து
ஒரு மீட்டர் விறகை வாசலில் கொட்டி
ஐம்பதாயிரம் பேசோ எண்ணி வாங்கிப் போனான்.
அடுப்பில் வைத்தால் கட்டை அழுகிறது.
முனையில் நுரை, சீறல், கண்ணெரியும் புகை.
வாங்கியதில் பாதி தண்ணீர்.
காசு கொடுத்து
மழையை எரித்துக்கொண்டிருக்கிறேன்.

எரிந்த சூடும் வீட்டில் தங்கவில்லை.
ஒரு ராத்திரி, எலிசேயோ தூங்கிய பிறகு,
மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு
திருடனைத் தேடுவதுபோல் சுவரோரமாய் நடந்தேன்.
கதவடியில் சுடர் படுத்துக்கொண்டது.
ஜன்னல் மூலையில் ஆடி ஆடி மறுத்தது.
தெற்குச் சுவர் முன் நின்றதும்
யாரோ ஊதியதுபோல் அணைந்தே போனது.
இருட்டில் நின்று சிரித்தேன்.
ஊரில் எத்தனை வீடு,
காற்றுக்கு இங்கேதான் படுக்கை.

மானியத்துக்கு மனுப் போட்டால்
வீட்டுப் பத்திரம் கேட்டார்கள்.
பத்திரம் அவன் பேரில்.
அவனுடையது என்று இங்கே மிச்சமிருப்பது
அந்தப் பேரும்
ஆணியில் ஒரு ஜீன்ஸும்.

கையில் பதினெட்டாயிரம்.

நான் வேலை செய்யும் பள்ளிச் சமையலறையில்
தினமும் பால் அட்டைப்பெட்டிகள் குப்பைக்குப் போகும்.
உள்பக்கம் வெள்ளியாய் மின்னும்.
நாத்தனார் வீட்டுக் கூரையில்
அதைத்தான் அடித்திருக்கிறார்கள் என்றாள் மாரிசெல்.
பைத்தியமா என்றேன்.
அன்றைக்கே இருபது எடுத்து வந்தேன்.

வெட்டு, விரி, சோப்புத் தண்ணீரில் முக்கு,
மூலையில் ஒட்டிய ஆடையைக் கத்தியால் சுரண்டு,
கொடியில் மாட்டு.
மூன்று வாரம் வீடெங்கும் புளித்த வாடை.
வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை
என்றான் எலிசேயோ.
சட்டையை மறுபடி துவைத்தேன்.
காயவில்லை. அது வேறு கதை.

ஸ்டேப்ளர் ஊசி மூன்று டப்பா,
அலுமினிய ஒட்டுநாடா இரண்டு சுருள்,
ஜன்னலுக்கு ரப்பர் பட்டை.
அதோடு காசு தீர்ந்தது.
ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி
மரத்தூள் திணித்துத் தைத்துக்
கதவடியில் போட்டேன்.
முதல் தடவையாக
அவனால் வீட்டுக்கு ஒரு உபயோகம்.

தெற்குச் சுவர்
பனிக்கண்டத்தைப் பார்த்து நிற்கிற சுவர்.
பலகையைப் பெயர்த்தால் உள்ளே ஒன்றுமில்லை.
நைந்த செய்தித்தாள், காய்ந்த எலி ஒன்று, காற்று.
இத்தனை வருஷமும்
விரற்கடைப் பலகையை நம்பித்தான்
தூங்கியிருக்கிறோம்.

வெள்ளி முகம் எங்கள் பக்கம்,
படம் போட்ட முகம் வெளிப்பக்கம்.
எலிசேயோ ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்து எண்ணினான்.
பெட்டிக்கு ஒரு பசு.
முந்நூற்று நாற்பத்தொன்று.
"எல்லாம் வெளியே பார்த்து நிக்குதே,
அதுங்களுக்குக் குளிராதா?"
"பசுவுக்குத் தோல் தடிப்பு" என்றேன்,
வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு.

ஜூன் இரண்டாம் வாரம் மைனஸ் ஒன்பது.
முன்பெல்லாம் ராத்திரிக்குப் பதினொரு கட்டை.
அன்றைக்கு ஏழு.
நாலு என்று சொல்ல ஆசைதான்.
ஏழு.
விடிந்தபோது
குவளையில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

ஜூலையில் நோல்பெர்த்தோ தானாக வந்தான்.
"வேறு யாரிடமோ வாங்குகிறாய்."
இல்லை என்றேன். நம்பவில்லை.
விறகடுக்கைப் பார்த்தான், புகைபோக்கியைப் பார்த்தான்.
உள்ளே கூட்டிப்போய்ச்
சுவரில் கை வைக்கச் சொன்னேன்.
வைத்தான்.
வைத்த கையை எடுக்க மறந்தான்.

"உங்கள் வீட்டில் ராத்திரிக்கு எத்தனை கட்டை?"
"விறகு விற்கிறவன் வீட்டில் எண்ணுவார்களா?"
கேலியாய்த்தான் சொன்னான்.
லாரியில் ஏறி, சாவி திருகி,
பிறகு இறங்கி வந்தான்.
"அந்தப் பெட்டியெல்லாம் எங்கே கிடைக்கும்?"

"போன வருஷம் வெட்டிக் காய்ந்த கட்டை
ஒரு மீட்டர் கொண்டு வா.
சொல்கிறேன்."

குளியலறையில் இன்னும் மூச்சு புகைகிறது.
அங்கே
தொண்ணூறு பசு பாக்கி.